தும்பைக்குத் தூரத்துச் சொந்தம்: வட அமெரிக்காவின் பீ பாம்

போன வருடத்துக்கு முந்தின கோடையில் அம்மா டொராண்டோவுக்கு வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள் காலை, வீட்டுக்குப் பின்னால் நின்ற செடியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். தெரியாத செடியைக் கண்டால் முதலில் மூக்கைக் கேட்பது அவர் வழக்கம். "எய்யா, இது ஓமவல்லி வாசம்லா அடிக்கி! இங்க எப்படி வந்துச்சு?"

எங்கிருந்தும் வரவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த செடி அது. ஆங்கிலத்தில் வைல்ட் பெர்கமாட் என்றும் பீ பாம் என்றும் சொல்கிறார்கள். தாவரவியல் பெயர் மொனார்டா ஃபிஸ்டுலோசா. கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் புல்வெளிகளிலும் காட்டு விளிம்புகளிலும் சாலையோரங்களிலும் தானாக வளரும். இடுப்பளவு உயரம், இடம் பிடித்துவிட்டால் நெஞ்சளவு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒவ்வொரு கிளை நுனியிலும் வெளிர் ஊதா நிறத்தில், எண்ணெய் காணாத தலைமுடி போலச் சிலுப்பிக்கொண்டு ஒரு பூக்கொத்து நிற்கும். அந்த நாட்களில் செடிப் பக்கம் போனால் ரீங்காரம் ஓயாது.

அம்மாவின் மூக்கு பிசகவில்லை. ஓமவல்லி என்கிற கற்பூரவள்ளியும் இந்தச் செடியும் ஒரே குடும்பம்தான். ஆனால் வாசம் ஒன்றாக இருப்பதை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஓமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பம். ஓமவல்லியோ துளசி, புதினாவின் குடும்பம். ஓமம் மாதிரி மணந்ததால் நம் ஆட்கள் ஓமவல்லி என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் செய்ததும் இதேதான். பெர்கமாட் என்பது இத்தாலியின் தெற்கு முனையில் கலாப்ரியாவில் விளையும் ஒரு புளிப்பு ஆரஞ்சு வகை. எர்ல் கிரே தேநீருக்கு மணம் தருவது அந்தப் பழத்தின் தோலில் எடுக்கும் எண்ணெய். இந்தக் காட்டுச் செடியின் வாசம் அந்தப் பழத்தை நினைவுபடுத்தியது, பெயர் ஒட்டிக்கொண்டது. எர்ல் கிரேயில் போடுவது இந்த இலைதான் என்று நம்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தத் தேநீருக்கும் இந்தச் செடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மொனார்டா என்ற பெயரின் கதை இன்னும் வேடிக்கை. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் நிக்கோலாஸ் மொனார்டெஸ் என்ற மருத்துவர் இருந்தார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மூலிகைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். கடல் தாண்டி அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை. அவர் நினைவாக, செடிகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு மொனார்டா என்று பெயர் சூட்டினார். ஃபிஸ்டுலோசா என்றால் லத்தீனில் குழல் போன்றது. குழல் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

சரி, வாசத்தை நம்பக் கூடாது என்றால் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது. நான்கு பட்டையாக, சதுரமாக இருக்கும். துளசித் தண்டையும் புதினாத் தண்டையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். அது மட்டும் போதுமா என்றால் போதாது. பிரண்டைக்கும் நான்கு பட்டைதான், ஆனால் அது திராட்சைக் குடும்பம். எனவே அடுத்து இலைகளைப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அதற்கு மேலுள்ளது வடக்கு தெற்காக இருக்கும். பிரண்டையில் இலை ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறித்தான் வரும். மூன்றாவது அடையாளம் பூ. இதழ்கள் ஒன்றுசேர்ந்து குழலாகி, வாய்ப்பகுதி மேலுதடு, கீழுதடு என்று இரண்டாகப் பிளந்திருக்கும். இந்தக் குடும்பத்தின் பழைய லத்தீன் பெயரே உதடு என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். நான்காவது விதை. பூ உதிர்ந்த பிறகு, அதைத் தாங்கியிருந்த பச்சைக் கிண்ணத்துக்குள் நான்கு சின்ன விதைகள் இருக்கும். இந்த நான்கு அடையாளங்களும் சேர்ந்து அமைந்தால் அநேகமாகப் புதினாக் குடும்பம் என்று துணிந்து சொல்லலாம்.

தும்பைச் செடியைக் கையில் வைத்து இதைச் சொல்லிப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். சின்ன வயதில் தும்பைப் பூவைப் பிடுங்கி அடிப்பக்கத்தை உறிஞ்சித் தேன் குடித்திருப்போமே, அந்தத் தேன் இருந்த இடம்தான் குழலின் அடி. வெள்ளையாக விரிந்து தொங்கும் பகுதி கீழுதடு. அதன் மேல் மயிர் மூடிய சின்னத் தொப்பி மேலுதடு. இந்தக் குடும்பத்தில் நொச்சியும் உண்டு. தேக்கும் உண்டு என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. தேக்கின் இளங்கிளையைப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்வேன், அதுவும் நான்கு பட்டை.

இனி பீ பாமின் பூவுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு கூட்டம். ஒரு கொத்தில் இருபது முப்பது பூக்களுக்கு மேல் இருக்கும். அதிலிருந்து ஒன்றை மட்டும் கிள்ளி எடுங்கள். ஏறத்தாழ ஓர் அங்குல நீளம். பெரும்பகுதி மெல்லிய குழல், அதன் அடியில் தேன். கீழுதடு கீழ்நோக்கி வளைந்து நிற்கிறது. வந்து இறங்கும் தேனீக்கு அது திண்ணை. மேலுதடு ஒடுங்கி முன்பக்கம் வளைந்து, நுனியில் ஒரு சின்ன மயிர்க்கற்றையோடு இருக்கிறது. அந்த மேலுதட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மகரந்தத் தாள்களும் ஒரு சூல்தண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

தேனீ திண்ணையில் கால் ஊன்றித் தலையைக் குழலுக்குள் நுழைக்கிறது. தேன் ஆழத்தில் இருப்பதால் முட்டி முட்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது. அப்போது தலைக்கு மேலே நீட்டியிருக்கும் மகரந்தத் தாள்கள் அதன் தலையிலும் முதுகிலும் உரசி மகரந்தத்தைத் தடவிவிடுகின்றன. கோயிலில் குனிந்தவர் நெற்றியில் பூசாரி விபூதி வைத்து அனுப்புவது மாதிரி. அடுத்த பூவில் அதே இடத்தில்தான் சூல்முடி காத்திருக்கிறது. முதுகில் இருந்த பொடி அங்கே ஒட்டிக்கொள்கிறது. மகரந்தச் சேர்க்கை என்று பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அது இவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. பூ விரிந்ததும் முதலில் மகரந்தம் வெளிவருகிறது. அது தீர்ந்த பிறகுதான் சூல்தண்டின் நுனி இரண்டாகப் பிரிந்து, வருகிற மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. தன் மகரந்தம் தன் சூலில் விழாமல் இருக்க இது ஒரு வழி. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, பக்கத்துப் பூவும் அதே செடியில்தானே இருக்கிறது! கொத்தில் பூக்கள் நடுவில் விரியத் தொடங்கி வெளிப்பக்கமாக நகர்கின்றன. அதனால் ஆகஸ்ட் மாதம் பார்த்தால் நடுவில் வழுக்கை விழுந்து சுற்றிலும் மட்டும் ஊதா வளையம் மிஞ்சியிருக்கும்.

குழல் நீளமாக இருப்பதால் எல்லோருக்கும் இங்கே விருந்து கிடைத்துவிடாது. பெரிய உடம்பும் நீண்ட நாக்கும் கொண்ட பம்பிள் தேனீக்களுக்கு வசதி. கொழுகொழுவென்று மயிர் மூடிய, நம் ஊர்க் கருவண்டு அளவுள்ள தேனீக்கள் அவை. வண்ணத்துப்பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் இருப்பதால் கவலையில்லை. பகலில் பறக்கும் ஒருவகை விட்டில் வரும். இறகில் கண்ணாடி பதித்தது போல ஊடுருவிப் பார்க்கலாம். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். முதன்முறை பார்த்தபோது குட்டிப் பறவை என்றே நினைத்துவிட்டேன்.

பெட்டியில் வளர்க்கும் தேனீக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். அதன் நாக்கு ஆறேழு மில்லிமீட்டர். தவிர அது வட அமெரிக்காவுக்குச் சொந்தமானதும் இல்லை, 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்தது. தேனீ என்றாலே தேன்கூடு நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கண்டத்தில் ஏறக்குறைய 4000 வகைத் தேனீக்கள் உண்டு. பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, தேன் சேர்த்து வைக்காதவை, மண்ணிலோ காய்ந்த குச்சியிலோ முட்டையிடுபவை. அவற்றில் டுஃபூரியா மொனார்டே என்று ஒரு சின்னக் கறுப்புத் தேனீ. தன் குஞ்சுகளுக்கு மொனார்டா மகரந்தம் தவிர வேறு எதையும் ஊட்டுவதில்லை என்றே சொல்லலாம். இந்தச் செடி இல்லாத ஊரில் அதுவும் இருக்காது.

திருடர்களும் வருவார்கள். சில குளவிகளும் மரத்தைத் துளைக்கும் பெரிய தச்சத் தேனீக்களும் வாசல் வழியாக நுழைய மாட்டாமல் குழலின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொள்ளும். மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, நாக்கு எட்டாத மற்றப் பூச்சிகளும் பின்பக்கமாகவே வந்து போகும். ஒரு வெயில் நேரத்தில் பத்து நிமிடம் செடி முன்னால் உட்கார்ந்தால் முன்வாசல் ஆட்களையும் பின்வாசல் ஆட்களையும் பிரித்துப் பார்க்க முடியும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது.

இதற்கு ஒரு சிவப்பு அக்கா உண்டு. பெயர் மொனார்டா டிடிமா. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஈரமான ஓடைக்கரைகளில் வளர்வது. குழல் இன்னும் நீளம், நிறம் ரத்தச் சிவப்பு. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் எடுப்பாகத் தெரியாது, பறவைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இங்கே முக்கிய விருந்தாளி ஹம்மிங் பறவை. அதை நம் தேன்சிட்டு என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும். ஹம்மிங் பறவை விநாடிக்கு ஐம்பது முறை போலச் சிறகடித்து அந்தரத்தில் நின்று குடிக்கும். இந்தப் பக்கம் வரும் செங்கழுத்து ஹம்மிங் பறவையின் எடை மூன்று கிராம்தான். இந்தப் பூவுக்குக் கீழுதடு திண்ணையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, வருகிறவர் உட்காரப் போவதில்லை.

டிடிமாவின் இலையைத் தேநீராகக் காய்ச்சிக் குடிப்பதை ஐரோப்பியர்கள் இங்கிருந்த பூர்வகுடிகளிடம்தான் கற்றார்கள். 1743-ல் ஜான் பார்ட்ரம் என்ற தாவரவியலாளர் ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில் உள்ள ஆஸ்வீகோ வரை பயணம் போனார். டொராண்டோவிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து கொண்டுவந்த விதை லண்டனில் இருந்த அவருடைய நண்பர் பீட்டர் காலின்சன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆஸ்வீகோ டீ என்ற பெயர் அப்படி வந்தது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் வரி எதிர்ப்பாளர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் அல்லவா? அதற்குப் பிறகு தேயிலையைத் தொடக் கூடாது என்றிருந்தவர்கள் குடித்த மாற்றுத் தேநீர்களில் இதுவும் ஒன்று. நான் ஊதாப் பூச்செடியின் இலையைப் போட்டுக் குடித்துப் பார்த்திருக்கிறேன். தேநீர் என்று சொல்ல மனம் வரவில்லை. சளிக்குப் போட்ட கஷாயம் மாதிரி இருந்தது.

அப்படி இருந்ததில் வியப்பில்லை. இலையில் இருப்பது தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு பொருட்கள். ஓமத்தின் காரமான வாசத்துக்குத் தைமால்தான் காரணம். கற்பூரவள்ளியில் இரண்டும் உண்டு. செடிக்கு இது பாதுகாப்பு: மான்கள் கடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும், கிருமிகளும் பூஞ்சைகளும் அடங்கும். இந்த மண்ணின் மக்கள் பலரும் சளி, காய்ச்சல், வயிற்றுவலி, தோல் புண் ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். டகோட்டா மக்கள் மொழியில் இதன் பெயருக்கு எல்க் மானின் மருந்து என்று பொருள். நம் வீட்டில் குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத்தண்ணீர் கொடுக்கிறோமே, அதே சரக்குதான் இங்கே வேறு செடியில்.

ஓமமும் மொனார்டாவும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன என்பதை அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்கு மருந்து தைமால். இந்தியாவிலிருந்து ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும், அங்கே தைமால் பிரித்தெடுத்து உலகுக்கு விற்பார்கள். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. அமெரிக்க வேளாண் துறை உள்ளூரிலேயே தைமால் தரும் செடியைத் தேடியது. கிடைத்தது மொனார்டா பங்க்டாட்டா, புள்ளி போட்ட இதழுள்ள இன்னொரு தங்கை. அதைப் பயிரிட்டு எண்ணெய் எடுக்கும் முறைகளை ஆராய்ந்தார்கள். இன்றைக்குத் தைமாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேனீப் பெட்டிகளில் வரோவா என்ற உண்ணியை ஒடுக்க அதை வைக்கிறார்கள்.

இந்தச் செடி இயல்பாக நிற்கும் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் டொராண்டோவின் ஹை பார்க்குக்குப் போகலாம். கறுப்பு ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, நடுவில் உயரமான புல்லும் பூச்செடிகளும் நிறைந்த ஓர் இடம் அங்கே உண்டு. சில வசந்த காலங்களில் மாநகராட்சியே பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து அதற்குத் தீ வைக்கிறது. கேட்டால் பதறுவோம். ஆனால் இந்தப் புல்வெளிகள் நெருப்பால் உருவானவை. பூர்வகுடி மக்கள் காலங்காலமாக வேண்டுமென்றே எரித்து வந்த நிலங்கள் அவை. மேலே எல்லாம் எரிந்தாலும் பீ பாமின் உயிர் மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டில் பத்திரமாக இருக்கும். மூடிக்கிடந்த சருகு சாம்பலாகும், நிழல் போட வளர்ந்த புதர்க் கன்றுகள் கருகும், வெயில் தரையைத் தொடும். எரியாமல் விட்டால் சில ஆண்டுகளில் அது புதர்க்காடாகிவிடும், பூ போய்விடும்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இத்தகைய உயர்புல் வெளி ஒருகாலத்தில் 17 கோடி ஏக்கர் பரந்திருந்தது. 1837-ல் இல்லினாய்ஸில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். களிமண் ஒட்டிக்கொள்ளாத கலப்பை. அதன் பிறகு வேர்கள் பின்னிக் கிடந்த மண் மளமளவென மக்காச்சோளக் காடானது. இன்று மிச்சமிருப்பது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு.

நிலம் போனால் விருந்தாளிகளும் போவார்கள். முதுகில் துருப்பிடித்த நிறத்தில் திட்டு உள்ள ஒரு பம்பிள் தேனீ இந்தப் பூவில் அடிக்கடி காணப்பட்டது. 1990-களின் கடைசியிலிருந்து வேகமாகக் குறைந்தது. நோய், பூச்சிக்கொல்லி, மேய இடமின்மை எல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஒன்டாரியோவில் அது கடைசியாகத் தென்பட்டது 2009-ல். அமெரிக்கா 2017-ல் அழியும் நிலையில் உள்ள உயிராக அறிவித்தது. மினசோட்டா 2019-ல் மாநிலத் தேனீயாக்கிப் பெருமைப்படுத்தியது, அங்கே இன்னும் கண்ணில் படுகிறது. என் செடிக்கு வரும் ஒவ்வொரு பம்பிளின் முதுகையும் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. இதுவரை துருத்திட்டு காணோம்.

வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வெயில் வேண்டும். மண் சுமாராக இருந்தாலே போதும், உரம் போட்டால் வளர்ந்து சாய்ந்துவிடும். விதை மணல் அளவுக்குப் பொடி, மண்ணுக்குள் புதைக்காமல் மேலாகத் தூவி அழுத்திவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான் பூக்கும். பனியில் மேல்பாகம் செத்து வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். கோடை முடிவில் இலைகளில் சுண்ணாம்பு தூவியது போல வெள்ளை படியும். சாம்பல் நோய் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். பயந்துபோய் மருந்தடிக்க வேண்டாம், பூக்கள் முடியும் நேரத்தில்தான் பெரும்பாலும் வரும், செடி சாகாது. காற்றோட்டமாகக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நட்டால் குறையும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிளைத்த தூரைப் பிரித்து நடலாம். காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள், நாட்டுச்செடி விற்கும் நர்சரிகளில் கிடைக்கிறது.

போன ஏப்ரலில் வீடியோ அழைப்பில் தோட்டத்தைக் காட்டியபோது அம்மா கேட்டார்: "அந்தக் காஞ்ச குச்சிய ஏன் முழுசா வெட்டாம பாதியில விட்டுருக்க? பார்க்கவே நல்லால்ல."

அது குழல்தான், தண்டும் உள்ளே கூடாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். வசந்தத்தில் ஒன்றரை அடி விட்டு வெட்டினால், அரிசி மணி போலச் சின்னத் தேனீக்கள் வெட்டுவாய் வழியாக இறங்கி உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் மகரந்தமும் ஒரு முட்டையும் வைக்கும். அடுத்த குளிர்காலம் முழுக்க பிள்ளைகள் அதற்குள்தான். புதுத் தழை வந்து ஜூனுக்குள் குச்சியை மறைத்துவிடும்.

அம்மா கேமராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து குச்சியைப் பார்த்தார். "அப்பம் கிடக்கட்டும்," என்றார். "வெட்டிராத."